ஜன்னல் ஒழுகல்: ஸ்க்ரூவை இறுக்கணுமா, 3 மி.மீ. விடணுமா?

கொண்டல்:
பக்கத்து இழையில் நங்கூரம்77 எழுதினது: "பாய்மரப் படகு ஜன்னல் ஒழுகினா பியூட்டைல் டேப் (களிமண் மாதிரி நசுங்கற ரப்பர் டேப்) வை, ஸ்க்ரூவை இறுக்கு, டேப் நசுங்கி வெளிய வரட்டும், முடிஞ்சது." இதை நம்பி யாராவது ஸ்க்ரூடிரைவரை எடுக்கறதுக்குள்ள சொல்லிடறேன். ஜன்னல் பலகை அக்ரிலிக், அதாவது கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். அது ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.07 மி.மீ. நீளும். படகோட உடம்பு ஃபைபர், அதுல பாதிகூட நீளாது. 90 செ.மீ. பலகைக்கு 40 டிகிரி ஏறி இறங்கினா 2.5 மி.மீ. நடுவுல சீலன்ட் (தண்ணி புகாம அடைக்கற பசை) 3 மி.மீ. கனமா இருந்தா கூடவே இழுபட்டுக் கொடுக்கும். நசுக்கி வச்சா ஒரே கோடைல பிய்ஞ்சிடும். 3 மி.மீ.தான், மறுபேச்சே கிடையாது.

நங்கூரம்77:
வாத்தியார் வந்துட்டாரு. 1970கள்ல வந்த வெஸ்டர்லி சென்டார் மாதிரி படகுல ஜன்னலுக்கு அலுமினியச் சட்டம். அலுமினியம் 0.023, ஃபைபரும் கிட்டத்தட்ட அதே. அங்க எங்க சார் உங்க 2.5? சட்டத்து விளிம்பு முழுக்க டேப், ஒவ்வொரு ஸ்க்ரூ கழுத்துலயும் டேப்பைத் திரியா உருட்டி ஒரு சுத்து. எதிரெதிர் ஸ்க்ரூவா கால் சுத்து, மறுநாள் இன்னொரு கால் சுத்து. பியூட்டைல் மெதுவாத்தான் பிதுங்கும், அவசரப்பட்டா சட்டம் வளையும். பிதுங்கினதை பிளாஸ்டிக் கத்தியால சீவிடலாம். 3 மி.மீ. விட்டா தண்ணிக்கு வாசல் வச்ச மாதிரி.

அணியம்:
ஒரு சந்தேகம். ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஜன்னலைத்தான் சொல்றீங்களா? ஒண்ணு சட்டம் போட்டது, இன்னொண்ணு பலகையை நேரா கேபின்மேல ஒட்டறது மாதிரி தெரியுதே.

கொண்டல்:
3 மி.மீ.க்கு பதில் சொல்லத் தெரியாதவங்க சட்டத்துக்குப் பின்னாடி ஒளியறாங்க. முறையா செய்யறதுன்னா இப்படி: பழைய சீலன்ட்டை தூண்டில் நரம்பு விட்டு அறுத்துப் பலகையை எடு. வெட்டின ஓரத்துல, ஃபைபருக்கு நடுவுல இருக்கிற பால்சா கட்டை ஈரமா இருந்தா 10–15 மி.மீ. ஆழம் சுரண்டி, காயவிட்டு, கெட்டியாக் குழைச்ச எபாக்ஸி பிசினை நிரப்பு. புதுப் பலகை காஸ்ட் (அச்சுல வார்த்த) அக்ரிலிக்கா வாங்கு, எக்ஸ்ட்ரூடட் (பிதுக்கி எடுத்தது) வேண்டாம், சீக்கிரம் நுண்விரிசல் விடும். ஒட்டற ஓரத்தை மட்டும் 180 உப்புத்தாளால தேய். 3 மி.மீ. விஎச்பி டேப்பை (ரெண்டு பக்கமும் ஒட்டற நுரை டேப்) சுத்தி ஒட்டினா கனம் தானா நிக்கும். வெளிப்பக்க இடைவெளில டவ் 795 மாதிரி கட்டடக் கண்ணாடிக்கான நியூட்ரல் சிலிக்கான், காத்துக்குமிழ் இல்லாம ஒரே மூச்சுல. ஒரு வாரம் தொடாதே. ஸ்க்ரூவே தேவையில்லை.

சோழகம்:
கணக்கு இடிக்குது அண்ணே. ஃபைபரும் 0.9 மி.மீ. நீளும், அதைக் கழிக்கணும். மிச்சம் 1.6 ரெண்டு முனைக்கும் பிரியும், முனைக்கு 0.8. பாதிக்குப் பாதி நீளற சிலிக்கானுக்கு 1 மி.மீ. கனமே தாங்குமே?

கொண்டல்:
ஏட்டுக் கணக்கு. வளைஞ்ச கேபின் சுவர்ல தட்டைப் பலகை நிமிரத்தான் பார்க்கும், முனையில சீலன்ட் நாள் பூரா இழுபடும். மேல ஒருத்தன் கால் வைப்பான். புகை நிறப் பலகை வெயில்ல கை வைக்க முடியாத சூடு. 1 மி.மீ.ன்னு ஆரம்பிச்சா சில இடத்துல 0.2தான் நிக்கும், அங்கதான் முதல்ல பிரியும். 3 மி.மீ.

நங்கூரம்77:
இவர் சொன்ன சிலிக்கான் பட்ட இடத்துல அப்புறம் பெயின்ட்கூட ஒட்டாது. அதையும் சொல்லுங்க. போன மாசம் அடிப்பெயின்ட் இழைலயும் இப்படித்தான், ப்ரைமரே வேண்டாம்னு அடம் பிடிச்சாரு.

கொண்டல்:
அடிப்பெயின்ட் பேச்சு இப்ப எதுக்கு? அந்தப் பக்கத்து இழையில அசிட்டோன் போட்டு அக்ரிலிக்கைத் துடைக்கச் சொன்னது யாரு? ஓரமெல்லாம் சிலந்தி வலை மாதிரி விரிசல் விடும்.

நங்கூரம்77:
சட்டத்தைத் துடைக்கச் சொன்னேன். பலகையை இல்ல. படிக்கத் தெரிஞ்சா படிங்க.

சோழகம்:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு: ஒழுகற இடத்தைக் கண்டுபிடிக்காமலே ரெண்டு பேரும் பிரிக்கச் சொல்றீங்க. சொட்டு விழற இடமும் தண்ணி நுழையற இடமும் வேற வேற. கைப்பிடிக் கம்பி ஸ்க்ரூ வழியா நுழைஞ்சு உள்கூரை மேல ஓடி ஜன்னல் மூலைல சொட்டும். கேபினை மூடி ப்ளோயரால உள்ள காத்தடிச்சு, வெளிய சோப்புத் தண்ணி பூசுங்க. நுரை வர்ற இடம்தான் ஓட்டை. ஹோஸ் பைப்னா கீழிருந்து மேல வாங்க.

மீகாமன்:
அக்ரிலிக்கே எதுக்கு? பாலிகார்பனேட் போடுங்க, சம்மட்டியால அடிச்சாலும் உடையாது.

கொண்டல்:
உடையாது, ஆனா கீறும். மேல்பூச்சு இல்லாததுன்னா வெயில்ல மஞ்சளாகும். எதுவா இருந்தாலும் 3 மி.மீ. ஸ்க்ரூ வச்சே தீருவேன்னா 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 6 மி.மீ. துளை, தட்டைத் தலை ஸ்க்ரூ. கூம்புத் தலை போட்டு நங்கூரம்77 மாதிரி முறுக்கினா ஆப்பு இறங்கி, துளைலேர்ந்து பலகை பிளக்கும்.

நங்கூரம்77:
என் ஸ்க்ரூ பலகை வழியாவே போகாது! உள்சட்டத்துக்கும் வெளிச்சட்டத்துக்கும் நடுவுல போகுது. எத்தனை தடவை சொல்றது?

அணியம்:
நானும் அதைத்தானே கேட்டேன்.

கொண்டல்:
சட்டம் இருந்தா என்ன? அதுக்குள்ள இருக்கிற பலகையும் அக்ரிலிக்தான், ரப்பர் காடிக்குள்ள அதுவும் நீளும். அந்த ரப்பர் கெட்டியாகி ஒழுகினா வெளியே எத்தனை டேப் நசுக்கினாலும் நிக்காது. அங்கயும் ஓரத்துக்கு 3 மி.மீ. விட்டுத்தான் பலகையை வெட்டணும்.

நங்கூரம்77:
அது வெட்டற அளவு, இது சீலன்ட் கனம்! பேச்சை மாத்தாதீங்க. டேப்பை நசுக்கலாமா கூடாதா?

கொண்டல்:
முதல் பதிவைத் திரும்பப் படிங்க.