விலை உயர்ந்த பேனா, எழுத்தின் தொடக்கம் விழவில்லை. அவசர உதவி தேவை

பவானிக்கரை · செவ்வாய், இரவு 9.40

வணக்கம். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக ஓர் ஐரோப்பியப் பேனா வாங்கினேன். 18 காரட் தங்க நிப்பு. விலை 40,000 ரூபாயைத் தாண்டியது. கடையில் நிப்பை மைப்புட்டியில் முக்கிக் கொடுத்தார்கள். எழுதிப் பார்த்தேன், வெண்ணெய் போல வழுக்கியது. வீட்டுக்கு வந்து மை நிரப்பி எழுதினால் எழுத்தின் தொடக்கம் விழுவதில்லை. ‘அ’ போட்டால் மேலே உள்ள சுழி இல்லாமல் பாதியிலிருந்துதான் வருகிறது. வந்த பிறகு நன்றாக ஓடுகிறது. பேனாவை எடுத்து அடுத்த சொல்லுக்குப் போனால் மறுபடியும் அதே கதை. பக்கத்தில் கிடக்கும் 200 ரூபாய்ப் பேனா ஒழுங்காக எழுதுகிறது.

போலியைத் தலையில் கட்டிவிட்டார்களா? தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஞாயிற்றுக்கிழமை விழா. சீக்கிரம் சொல்லுங்கள்.

மைக்கூடு · இரவு 9.52

என்ன மை? நிப்பு அளவு எஃப்-ஆ (மெல்லியது), எம்-ஆ (நடுத்தரம்), பி-யா (அகலம்)? எந்தத் தாள்? மை போடுவதற்கு முன் கழுவினீர்களா? இதெல்லாம் சொன்னால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

புதுப் பேனாவுக்குள் தயாரிப்பின்போது படிந்த எண்ணெய்ப் பசை இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரே ஒரு சொட்டு விட்டு, மை இழுக்கும் பிஸ்டனை ஐந்தாறு முறை இழுத்துத் தள்ளுங்கள். அப்புறம் நுரை போகும்வரை வெறும் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் வேண்டாம்.

இன்னொன்று. இப்போது வரும் பேனாக்களில் நாக்குக்கட்டை, அதாவது நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் கட்டை, பெரும்பாலும் பிளாஸ்டிக். பழைய எபோனைட் (கடின ரப்பர்) கட்டையில் மை தானாகப் பரவும், பிளாஸ்டிக்கில் அவ்வளவு எளிதில் ஒட்டாது. என் சந்தேகம் அங்கேதான்.

பழையபேனா · இரவு 10.15

பேனாவின் பெயரைச் சொல்லவில்லை, மை சொல்லவில்லை, தாள் சொல்லவில்லை. 11 வருடமாக இங்கே இருக்கிறேன், இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. இங்குள்ள பழைய உரையாடல் இழைகளைத் தேடிப் படித்திருந்தாலே விடை கிடைத்திருக்கும்.

பெரும்பாலும் கோளாறு பேனாவில் இல்லை, கையில்தான். பந்துமுனைப் பேனாவைப் போல நட்டமாகப் பிடிக்கிறார்கள். மைப் பேனாவைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், 45லிருந்து 55 பாகைக்குள். நிப்பின் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் உருண்டாலும் நிப்புப் பிளவின் ஒரு பக்க முள் தாளை விட்டுவிடும். லாமி 2000 என்று ஒரு பேனா, கெர்ட் முல்லர் வடிவமைத்து 1966இல் வந்தது, இன்றும் அதே உருவில் வருகிறது. அதன் நிப்பு ஒரே ஒரு சாய்வில்தான் இனிக்கும். அந்த இடத்தைப் பிடிக்கத் தெரியாமல் ‘மோசமான பேனா’ என்று விற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

கரும்பலகை · இரவு 10.31

தம்பி, 34 வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவன் சொல்கிறேன். பிள்ளைகளின் பேனா எழுதவில்லை என்றால் நாங்கள் செய்வது ஒன்றுதான். சிமெண்ட் தரையில் மெதுவாக எட்டு எட்டாக நாலு சுற்று. அதற்கும் வரவில்லையா, பாதி பிளேடை நிப்புப் பிளவில் விட்டு லேசாக நெம்பு. மை இறங்கிவிடும்.

நிப்புமுனை · இரவு 10.38

ஐயா, மன்னிக்க வேண்டும், தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். பவானிக்கரை, பிளேடும் வேண்டாம், தரையும் வேண்டாம். தங்க முள் பிளேடுக்கு வளைந்தால் எளிதில் நேராகாது, உத்தரவாதமும் போய்விடும். ஐயா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, விவரம் வந்ததும் சொல்கிறேன். முதலில் மைக்கூடு கேட்டதற்குப் பதில் போடுங்கள்.

பவானிக்கரை · புதன், காலை 7.05

எல்லோருக்கும் நன்றி. நிப்பு பி. மை பெட்டியோடு வந்த நீலம். கழுவவில்லை, இன்று கழுவிவிடுகிறேன். கடைக்காரரோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, அதனால் பெயர் வேண்டாம் என்று பார்க்கிறேன். பிஸ்டன் வகை, மூடி திருகு. சாய்த்துத்தான் பிடிக்கிறேன் சார்.

மைக்கூடு · காலை 7.20

தாள்?

தறிநாடா · காலை 8.02

நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. 18 காரட் என்றால் எழுதுவதில் என்ன கூடுதல்? தாளைத் தொடுவது தங்கமே இல்லை. நிப்பின் நுனியில் பற்றவைத்திருக்கும் சின்னக் குண்டுதான் தொடுகிறது. இரிடியம் என்று பெயர் நிலைத்துவிட்டது, உள்ளே இருப்பது பெரும்பாலும் ருத்தீனியம், ஆஸ்மியம் போன்ற கடினமான உலோகங்களின் கலவை. எஃகு நிப்பிலும் அதே மாதிரிக் குண்டுதான். அந்தக் காலத்து மையில் அமிலம் இருந்தது, சாதாரண எஃகு அரித்துப் போகும், தங்கம் அரிக்காது. அதனால் வந்த பழக்கம் இது. துருப்பிடிக்காத எஃகு வந்த பிறகு அந்தக் காரணம் போய்விட்டது.

பெலிகன் பேனாக்களில் எம்200க்கு எஃகு நிப்பு, எம்400க்கு 14 காரட். இரண்டையும் கழற்றி ஒன்றில் இருப்பதை மற்றதில் திருகலாம். நான் மாற்றிப் போட்டுக் கண்ணை மூடி எழுதினேன், எது எது என்று சொல்ல முடியவில்லை.

பழையபேனா · காலை 8.40

உங்களால் சொல்ல முடியவில்லை என்றால் அது உங்கள் விரலின் அளவு. தங்கம் லேசாக வளைந்து கொடுக்கும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து எழுதினால் கைக்குத் தெரியும். ஐந்து வரி எழுதிவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

தறிநாடா · காலை 8.55

அப்படியானால் ஜப்பானின் செய்லர் பேனாவில் 21 காரட் நிப்பு ஏன் அவ்வளவு விறைப்பு? காரட் கூடினால் இளக வேண்டுமே. பைலட் கஸ்டம் 912 பேனாவில் வரும் எஃப்ஏ என்ற நிப்பு 14 காரட்தான், ஆனால் வளைகிறது. காரணம் நிப்பின் தோள்பட்டையில் இரு பக்கமும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். தகட்டின் கனமும் வெட்டும்தான் வளைவைத் தீர்மானிக்கின்றன, காரட் இல்லை.

பழையபேனா · காலை 9.10

எஃப்ஏ என்னிடமும் இருக்கிறது. அதே வெட்டை எஃகில் போட்டுப் பாருங்கள், இந்த வளைவு வராது. ஆகவே உலோகத்துக்கும் பங்கு உண்டு. அரைகுறையாகப் பேச வேண்டாம்.

நிப்புமுனை · காலை 9.22

இருவர் சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒருவருக்கு உதவி வேண்டும். பவானிக்கரை, எந்தத் தாளில் எழுதிப் பார்க்கிறீர்கள்?

பவானிக்கரை · மதியம் 1.48

அதைச் சொல்லவில்லையா? விழாவுக்கு வருகிறவர்கள் ஆசி எழுதுவதற்காக ஒரு கெட்டி நோட்டு அச்சகத்தில் செய்து வாங்கினேன். பளபளப்பான தாள். அதில்தான் எழுதிப் பார்த்தேன். 200 ரூபாய்ப் பேனாவை அதில் போட்டுப் பார்க்கவில்லை, அதற்கு வழக்கமான கோடு போட்ட நோட்டு. காலையில் சோப்புப் போட்டுக் கழுவினேன், மாற்றம் இல்லை.

நிப்புமுனை · மதியம் 2.30

இப்போது படம் தெளிகிறது. முதலில் நான்கு சோதனை செய்யுங்கள், பத்து நிமிடம் போதும்.

சாதாரண 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளில் ஒரு பக்கம் நிறுத்தாமல் எழுதுங்கள். அரைப் பக்கத்துக்குப் பிறகு கோடு வெளிறினால் மை இறங்கவில்லை, மைக்கூடு சொன்ன நாக்குக்கட்டை விவகாரம். அடுத்து, மூடியைத் திறந்து இரண்டு நிமிடம் சும்மா வைத்துவிட்டு எழுதுங்கள். அப்போது மட்டும் திணறினால் நுனி காய்கிறது. இரண்டும் இல்லாமல், எழுதிக்கொண்டே இருக்கும்போதுகூடப் பேனாவை எடுத்து வைத்த ஒவ்வொரு சொல்லிலும் தலை விழவில்லை என்றால் அது மூன்றாவது நோய். அந்த மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். கடைசியாக, ஒரு நூல் அளவு கூடுதலாக அழுத்திப் பாருங்கள். உடனே எழுதினால் கிட்டத்தட்ட உறுதி.

நுனிக் குண்டு நடுவில் பிளந்திருக்கிறது அல்லவா, அந்தப் பிளவின் உள் விளிம்புகள் இரண்டும் தாளைத் தொடும் இடத்தில் கூராகச் சந்திக்க வேண்டும். அதிகமாக மெருகேற்றினால் அந்த விளிம்புகள் உருண்டுவிடும், நடுவில் ஒரு சின்னப் பள்ளம் விழும். பேபீஸ் பாட்டம் என்று பேனாக்காரர்கள் சொல்வது இதைத்தான், குழந்தையின் பின்புறம் போன்ற வடிவம். மை பிளவின் வாய்வரை வந்து நிற்கிறது, தாள் அதற்கு எட்டவில்லை. சொரசொரப்பான தாளில் நார் எழும்பி நின்று மையைத் தொட்டுவிடும், அதனால் அங்கே தப்பித்துக்கொள்ளும். உங்கள் ஆசி நோட்டில் நாரே வெளியே இல்லை. பி போன்ற அகல நிப்பில் குண்டு பெரியது, இந்தக் கோளாறு அங்கே அதிகம் பார்க்கிறோம்.

கடையில் ஏன் தெரியவில்லை என்றால், முக்கிக் கொடுத்தார்கள். முக்கி எடுத்த நிப்பில் மை மேலும் கீழும் வழிந்துகொண்டிருக்கும், பள்ளமும் நிரம்பிவிடும். கடையில் எழுதிப் பார்க்கும்போது மெல்லிய துணியால் நிப்பை ஒற்றி எடுத்துவிட்டு, சின்னச் சின்னச் சொல்லாக எழுத வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் பேனாவைத் தூக்க வேண்டும். வளைவு வளைவாகக் கிறுக்கினால் ஒன்றும் தெரியாது. நானும் முதல் பேனாவை அப்படிக் கிறுக்கித்தான் வாங்கினேன்.

வழுக்குவதை மட்டும் வைத்துத் தரத்தை எடை போடாதீர்கள். இத்தாலியின் டூரினில் 1919இலிருந்து இருக்கும் அரோராவும் ஜப்பானின் செய்லரும் நிப்பைத் தாங்களே செய்கிறார்கள். இரண்டிலும் பென்சில் போல மெல்லிய உரசல் இருக்கும். பிளாட்டினம் நிறுவனத்தின் 3776 பேனாவிலும் அப்படித்தான். அந்த உரசல் கோளாறு இல்லை, முள் தாளை உணர்கிறது என்று அர்த்தம். தரம் பார்க்க நான் கவனிப்பது வேறு: 10 மடங்கு லென்ஸில் இரு முள்ளும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, பிளவு நுனியை நோக்கி மெல்ல ஒடுங்குகிறதா, நாக்குக்கட்டை நடுவில் உட்கார்ந்திருக்கிறதா. கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கேட்டால் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் அந்த லென்ஸைத் தருவார். அதன் வழியே கைபேசியில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

கரும்பலகை ஐயா, நீங்கள் சிமெண்ட் தரையில் தேய்த்ததற்கும் இதுதான் காரணம். மழுங்கிய நுனியில் ஒரு தளம் உண்டாகி விளிம்பு திரும்பக் கிடைத்தது. பள்ளிப் பேனாவுக்குச் சரி. இதற்கு 12,000 நம்பர் மைக்ரோமெஷ் என்ற மிக நுண்ணிய மெருகுத் தாளில், பழகிய கைதான் செய்ய வேண்டும்.

கரும்பலகை · மாலை 4.12

இத்தனை வருடம் செய்தேன், காரணம் இன்றுதான் தெரிகிறது. நன்றி அம்மா. தம்பி, நான் சொன்னதைச் செய்யாதே.

வன்னிமரம் · மாலை 6.50

டொரொண்டோவிலிருந்து எழுதுகிறேன். என்னுடைய பேனைக்கும் இதே வருத்தம் இருந்தது. தடிப்பாக ஓடும் மையை மாற்றி, தண்ணீர் போல ஓடும் மையை விட்டேன். முக்கால்வாசி குறைந்தது. ஞாயிறு வரை சமாளிக்க அது உதவும். ஆசி எழுதும் கொப்பிக்கு மெருகில்லாத தாளைப் போடுங்கோ, வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வசதி.

மைக்கூடு · மாலை 7.03

மெருகில்லாத தாள், ஆமாம். பளபளத் தாளில் மை காயவும் நேரமாகும், ஆசி எழுதியவர் கை பட்டு எல்லாம் இழுகிவிடும். ஆனாலும் என் பந்தயம் நாக்குக்கட்டைதான். திருவள்ளூரில் கடைந்து செய்யும் எபோனைட் பேனாக்களில் எபோனைட் கட்டையே போட்டுத் தருகிறார்கள், என்னிடம் இருப்பது எட்டு வருடமாக ஒரு நாளும் திணறியதில்லை.

தறிநாடா · மாலை 7.15

உங்கள் பேனா நிப்பு எஃகுதானே?

மைக்கூடு · மாலை 7.16

எஃகுதான்.

பழையபேனா · மாலை 7.40

எஃகு, தங்கம் என்று மறுபடி தொடங்க வேண்டாம். நிப்புமுனை சொன்ன சோதனை சரி. நான் பிடிப்பைச் சொன்னதும் தவறில்லை, அதையும் பார்க்க வேண்டும். பவானிக்கரை, அப்பாவுக்குப் பேனாவின் எடை ஒத்துவருமா என்று யோசித்தீர்களா? பெலிகன் எம்800இல் பிஸ்டன் பித்தளை, எடை வால் பக்கம் இருக்கும். எம்600 பிளாஸ்டிக், கையில் இருப்பதே தெரியாது. வயதானவர் கையில் இது பெரிய வித்தியாசம். மூடியை வாலில் மாட்டாமல் எழுதச் சொல்லுங்கள்.

நிப்புமுனை · வியாழன், இரவு 9.05

பவானிக்கரை, லென்ஸ் படம் கிடைத்ததா?

மைக்கூடு · சனி, காலை 10.20

ஆள் வரவில்லை.

பவானிக்கரை · திங்கள், இரவு 8.30

தாமதத்துக்கு மன்னிக்கவும், விழா வேலை. லென்ஸில் பார்த்தேன், நடுவில் பள்ளம் தெரிகிறது. கடைக்காரர் நிப்பு மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார், போலி இல்லை என்று ரசீதும் எண்ணும் சரிபார்த்துக் கொடுத்தார். ஆசி நோட்டுக்கு வேறு தாள் போட்டோம். அப்பா கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர், கார்பன் வைத்து அடங்கல் கணக்கு எழுதி எழுதி அழுத்தும் பழக்கம். அவர் எழுதியபோது முதல் எழுத்திலிருந்தே விழுந்தது. நிப்பை மாற்ற அனுப்ப வேண்டுமா என்று கேட்கிறார். எல்லோருக்கும் நன்றி.

நிப்புமுனை · திங்கள், இரவு 9.10

கட்டாயம் அனுப்புங்கள். அவர் அழுத்துவதால் எழுதுகிறது, அதே அழுத்தத்தில் நாளடைவில் முள் விரிந்துவிடலாம். மாற்றும்போது பி வேண்டாம், எம் கேளுங்கள், பெரிய குண்டில்தான் இந்தக் கோளாறு அதிகம். விறைப்பான நிப்பு இருந்தால் இன்னும் நல்லது. அப்பாவிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கி, அந்தத் தாளை நிப்போடு சேர்த்து அனுப்புங்கள். மாற்றுகிறவர் அவர் கையைப் பார்த்துச் சரிசெய்து தருவார்.