அப்பாவோட யெஸ்டி பைக்கை வீட்லயே பிரிச்சு ஓட வச்சுட்டேன், ஆனா சூடானா நின்னுருது

நாகமலைக்காரன்:
வணக்கம்ணே. அப்பா வச்சிருந்த யெஸ்டி 250, 1982 மாடல், அவரு போனதுக்கப்புறம் எட்டு வருசமா வேப்பமரத்தடியில தார்ப்பாய்க்குள்ளயே கெடந்துச்சு. ரெண்டு மெக்கானிக் பாத்துட்டு பழைய இரும்புக்குப் போட்ருன்னுட்டாங்க, எனக்கு மனசு வரல. மூணு ஞாயித்துக்கெழமையா திண்ணையில சாக்கை விரிச்சு நானே பிரிச்சேன். டேங்க்ல ஒரே துரு, நட்டு போல்ட்டெல்லாம் உள்ள போட்டு குலுக்கிக் கழுவுனேன், கார்ப்பரேட்டர் ஜெட்ல (பெட்ரோல் போற பொடி ஓட்டை) பெட்ரோல் பிசின் மாதிரி காஞ்சு அடைச்சிருந்துச்சு, சைக்கிள் பிரேக் வயர்ல ஒத்தக் கம்பிய உருவி குத்தி எடுத்தேன். நேத்து சாயங்காலம் ஏழாவது கிக்ல புகையக் கக்கிக்கிட்டு அந்த ரெட்டை சைலன்சர் சத்தம் வந்துச்சு பாருங்க, அடுப்படியில இருந்த அம்மா கரண்டியோட ஓடி வந்து ஒண்ணும் பேசாம நின்னாங்க. இவ்ளோ சந்தோசம் நான் சம்பாதிச்சு வாங்குன புது வண்டியில கூட வரலண்ணே.

ஆனா பத்து நிமிசம் ஓடி சூடானதும் பொசுக்குனு நின்னுருது. அரை மணி நேரம் ஆறவிட்டா திரும்பப் பிடிக்குது. கடையில விட இஷ்டமில்ல, நானே முடிக்கணும். என்னவா இருக்கும்?

திருமங்கலம் ரோடு:
தம்பி முதல்ல செலவில்லாத வேலையப் பாரு. நின்ன உடனே டேங்க் மூடியத் தொற. புஸ்ஸுனு காத்து உள்ள இழுத்துச்சுன்னா மூடியில இருக்க காத்து ஓட்டை அடைச்சிருக்கு, பெட்ரோல் எறங்கல. இன்னொண்ணு, ஜெட்ட கம்பியால குத்தாதப்பா, அது பித்தளை, ஓட்டை பெருசாயிரும். பெட்ரோல்ல ஊறப்போட்டு காத்து அடிச்சாப் போதும்.

பழங்காநத்தம்:
மூடியில கோளாறு இல்லேன்னா கண்டன்சர்தான், எங்க மாமா வண்டியிலயும் இதே கூத்து. பாயிண்ட்னா காயிலுக்குப் போற கரண்ட்ட விட்டு விட்டுத் துண்டிக்கிற சுவிட்ச், அது பிரியுறப்ப வர்ற பொறிய கண்டன்சர்தான் முழுங்கும், சூட்டுல அது படுத்துருச்சுன்னா பொறி பாயிண்ட்லயே செலவாகி பிளக்குக்குப் போறது நோஞ்சானாயிரும். வலது பக்க கவரக் கழட்டு, பாயிண்ட் கருகிப் போயிருந்தா சந்தேகமே வேணாம். எமரித் தாள்ல பைய தேய்ச்சுட்டு கேப் 0.4 மி.மீ. வை, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற தகடு) வச்சே பாரு, கண்ணளவு வேணாம். புதுக் கண்டன்சர உள்ள வைக்காம அம்பாசடர் கார் கண்டன்சர் ஒண்ணு வாங்கி டேங்குக்கு அடியில, பிளக்குக்குப் பொறி தர்ற காயில் பக்கத்துல மாட்டிரு, என்ஜின் சூடு அங்க வராது. மைசூர்ல இந்த வண்டி உற்பத்தி 1996லயே நின்னுபோச்சு, அதனால கழட்டுற ஒவ்வொரு சாமானையும் டப்பாவுல பத்திரமா போட்டு வை.

நாகமலைக்காரன்:
அண்ணே கண்டன்சரேதான்! மூடியத் தொறந்து பாத்தேன், காத்து இழுக்கல. கவரக் கழட்டுனா பாயிண்ட் ரெண்டும் கரி மாதிரி. சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய ஸ்பேர் கடையில கண்டன்சர் கெடச்சுச்சு, நீங்க சொன்ன எடத்துலயே மாட்டுனேன், ஜெட்டும் புதுசு போட்டாச்சு. இன்னிக்கு வெள்ளன அம்மாவ பின்னாடி உக்கார வச்சு செக்கானூரணி வரைக்கும் போய்ட்டு வந்தோம், ஒரு எடத்துல கூட நிக்கல. ஸ்டார்ட் பண்ணுன அதே கிக்கர முன்னாடி சாச்சு கியர் போட்டதும் பக்கத்து வீட்டுப் பய வாயப் பொளந்துட்டான். வர்ற வழியில அம்மா என் தோள்ல கை வச்சுக்கிட்டே வந்தாங்க, அப்பாகூட போறப்பவும் இப்படித்தான் வைப்பாங்களாம்.

பின் டிரம்ல கிரீச்னு சத்தம் வருது, அடுத்த ஞாயித்துக்கெழமை பிரேக் ஷூவப் பிரிக்கணும்.