புதுப்பிப்பு: பின்னிய கம்பளிக் கைப்பை ஒருவழியாக இறுகியது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. நான் பின்னிய சின்னக் கம்பளிக் கைப்பை, வாஷிங் மெஷினில் எத்தனை தடவை போட்டாலும் ஃபெல்ட் ஆகாமல் (இழைகள் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்கிக் கெட்டித் துணியாகாமல்) தொளதொளவென்றே இருக்கிறது என்று கேட்டிருந்தேன்.

நூல் சூப்பர்வாஷ் ரகமாக, அதாவது துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்தியதாக இருக்கும் என்று பலர் சந்தேகப்பட்டீர்கள். லேபிளில் அப்படி இல்லை, 100 சதவீதம் சாதாரணக் கம்பளிதான். பட்டர்வொர்த் ஊரிலிருந்து பதில் எழுதிய அக்கா சொன்னதுதான் சரி: வீட்டு மெஷினில் வருவது குழாய்த் தண்ணீர், சூடு பற்றாது. அவர் சொன்னபடி பினாங்கு ஜெலுத்தோங்கில், நாமே மெஷினில் துவைத்துக்கொள்ளும் ஒரு டோபிக் கடைக்குப் போனேன். பையைத் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி, உரசலுக்குப் பழைய ஜீன்ஸும் சேர்த்து, வெந்நீரில் ஓடவிட்டேன். உறையை விட்டுவிடாதீர்கள், அவிழ்த்தபோது உள்ளே அத்தனை பஞ்சு, அடுத்தவர் சட்டையில் ஒட்ட வேண்டியது!

பை கெட்டியாகிவிட்டது, பின்னல் கண்ணே தெரியவில்லை. எதிர்பாராதது, அகலத்தைவிட உயரம் அதிகம் குறைந்தது: 34 செ.மீ. அகலம் 28 ஆனது, 38 செ.மீ. உயரமோ 25. அதனால் உயரத்தைத் தாராளமாகப் பின்னுங்கள். முன்பக்கம் கதவுள்ள கடை மெஷின் ஓடும்போது பூட்டிக்கொள்ளும், நடுவில் எடுத்துப் பார்க்க வழியில்லை. குறைந்த நேரச் சுற்றையே தேர்ந்தெடுங்கள். போதாவிட்டால் இன்னொரு முறை போடலாம், சுருங்கியதை விரிக்க முடியாது.

அப்புறம், ஈரமாக இருக்கும்போதே உள்ளே பிஸ்கட் டின் வைத்து வடிவம் கொடுத்தேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் மின்விசிறி இல்லாமல் காயாது.