வகுப்பு வாட்ஸ்அப் குழுவும் சிறார் நாவலும்: எழுதுவோர், திருத்துவோர், வாசித்துக் காட்டுவோர் அனுபவப் பகிர்வு

பிரதி திருத்துநர்

11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான கதைகளில் சைபர் புல்லியிங் (போன், இணையம் வழியாக ஒருவரைத் தொடர்ந்து கேலி செய்து தொல்லை கொடுப்பது) இப்போது அடிக்கடி வருகிறது. பிரதி கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, கதையில் வரும் போன் நிஜப் போன் போல நடக்கிறதா என்பதைத்தான். வாசிக்கும் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் தலைகீழ்ப் பாடம். ஓர் இடத்தில் பிசகினாலும் எழுதியவர் மேல் நம்பிக்கை போய்விடும்.

அதிகம் பிசகுவது 'பிளாக்'. நாயகி எதிராளியை பிளாக் செய்கிறாள், தொல்லை தீர்ந்தது என்று அத்தியாயம் முடிகிறது. இருவரும் ஒரே குழுவில் இருந்தால், பிளாக் செய்த பிறகும் அவன் குழுவில் போடுவது அவளுக்கு வரும். அவள் போடுவது அவனுக்குப் போகும். கதை தொடர இதைவிட இயல்பான காரணம் வேண்டாம். குழுவை விட்டு வெளியேறும் காட்சியும் அப்படித்தான். "நாற்பது பேருக்கும் தெரிந்துபோனது" என்று எழுதுகிறார்கள். 2022 முதல் அந்த அறிவிப்பு அட்மின்களுக்கு மட்டுமே போகிறது. அட்மின் யார் என்பதை எழுதுபவர் முன்பே முடிவு செய்திருந்தால், அடுத்த திருப்பம் அங்கேயே இருக்கிறது. அழித்த செய்தியும் சுவடில்லாமல் மறையாது, அழிக்கப்பட்டது என்ற குறிப்பு நிற்கும். ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பிய படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க வாட்ஸ்அப் விடாது. இன்னொரு போனால் திரையைப் படம் பிடிக்கலாம். அந்த இரண்டாவது போன் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், கதைக்கு ஒரு கூட்டாளி கிடைப்பான்.

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை

போன் யாருடையது என்ற கேள்வியை இன்னும் ஒரு படி கொண்டுபோக வேண்டும். நம் ஊரில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்குச் சொந்த போன் கிடையாது. குழுவில் இருப்பது அம்மாவின் எண், அப்பாவின் எண். பெயரே "கவின் அம்மா" என்றுதான் இருக்கும். அப்பா வேலைக்குப் போனால் போனும் போய்விடும். மாலை நாலரைக்கு நடந்த கேலியைப் பாதிக்கப்பட்ட பிள்ளை இரவு ஒன்பதுக்குத்தான் பார்க்கும். அதற்குள் நூறு செய்தி குவிந்திருக்கும். அம்மா முதலில் பார்த்துவிடவும் கூடும். வெளிநாட்டுக் கதைகளில் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு தன் போனைத் தனியாகப் பார்க்கிறது. அதை அப்படியே எடுத்து இங்கே பொருத்தினால் கதை நிற்காது.

பிள்ளை ஏன் வீட்டில் சொல்லவில்லை என்பதற்கு "பயம்" என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். போனைப் பிடுங்கிவிடுவார்கள், அதோடு வீட்டுப்பாடமும் நண்பர்களும் போய்விடுவார்கள் என்பதுதான் அந்தப் பயம்.

சிறார் எழுத்தாளர்

அம்மா போன் பற்றி டீச்சர் சொன்னது மிகவும் சரி. நான் சொல்ல விரும்புவது குழுவில் இருக்கும் மற்ற பிள்ளைகளைப் பற்றி. பிரதிகளில் ஒரு கெட்டவன், ஒரு பாவப்பட்ட பிள்ளை, ஒரு நல்ல தோழி என மூன்றே பேர் இருக்கிறார்கள். பின்லாந்து ஆய்வாளர் கிறிஸ்டினா சால்மிவல்லியும் அவரது குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, புல்லியிங் நடக்கும்போது வகுப்பில் உள்ளவர்கள் ஏற்கும் இடங்களைப் பிரித்துக் காட்டியது. தொடங்குபவர், பாதிக்கப்படுபவர் தவிர, கூடச் சேர்ந்து செய்பவர், சிரித்து ஊக்கம் கொடுப்பவர், ஒதுங்கி நிற்பவர், காப்பாற்ற வருபவர் என்று. புல்லியிங்கைத் தடுக்கப் பின்லாந்துப் பள்ளிகளில் நடத்தப்படும் கிவா திட்டம் இந்தப் பார்வையிலிருந்து வளர்ந்தது. நாவலுக்கு இதுவே பாத்திரப் பட்டியல். குழுவில் யார் ஸ்டிக்கர் செய்தது, யார் சிரிப்பு இமோஜி போட்டது, யார் நீல டிக்கோடு நின்றுவிட்டது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள். கதையின் உண்மையான கேள்வி சிரிப்பு இமோஜி போட்ட பிள்ளையிடம் இருக்கிறது. வாசிப்பவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்தில் இருந்தவர்கள்.

காப்பாற்ற வரும் பிள்ளை குழுவில் நீண்ட உரை ஆற்ற வேண்டாம். பன்னிரண்டு வயதில் யாரும் அப்படிச் செய்வதில்லை. தனிச்செய்தியில் ஒரு வரி, மறுநாள் மதியம் பக்கத்தில் வந்து உட்கார்வது, அவ்வளவு போதும்.

சட்டம் தெரிந்த வாசகர்

சுருக்கமாக: பன்னிரண்டு வயதுப் பையனை லாக்கப்பில் வைக்கும் காட்சியை வெட்டிவிடுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015 அதைத் தடுக்கிறது. 2016 மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றம் இல்லையென்றால், பெரியவர்கள் யாரும் கூட்டாகச் செய்யவில்லையென்றால், சிறார் மேல் எஃப்.ஐ.ஆர். கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இன்னும் சில கதைகளில் வக்கீல் மாமா அதைச் சொல்லி மிரட்டுகிறார். உதவி எண் தர வேண்டுமானால் குழந்தைகளுக்கான 1098. சைபர் குற்ற உதவி எண்ணான 1930 முதன்மையாகப் பணமோசடிக்கானது.

பிரதி திருத்துநர்

சட்டத்தை ஒட்டி ஒரு காட்சி ஒழுங்கு. பெரியவர் உதவ வந்ததும் "எல்லாத்தையும் அழிச்சிடு" என்று சொல்ல வைக்காதீர்கள். எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், பிறகு உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்தல், அதன் பிறகே ரிப்போர்ட், கடைசியில் பிளாக். ரிப்போர்ட் செய்யும்போது உரையாடலையும் சேர்த்து அழிக்கவா என்று வாட்ஸ்அப்பே கேட்கும்; அவசரத்தில் அதை அழுத்தினால் ஆதாரம் போய்விடும். இந்தத் தடுமாற்றமே ஒரு நல்ல அத்தியாயம்.

வசவுகளை முழுதாக அச்சிட வேண்டியதில்லை, குறிப்பாகச் சாதியையும் உடலையும் தொடும் சொற்களை. நாயகியின் முகம் மாறுவதைக் காட்டினால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். தற்கொலை எண்ணம் வரும் பக்கத்தில் வழிமுறையை எழுதவே கூடாது. நம்பிக்கையான ஒரு பெரியவர் அதே அத்தியாயத்துக்குள் வர வேண்டும், பின்னட்டைக்கு முந்தைய பக்கத்தில் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416 இருக்க வேண்டும். சாட் உரையாடல் ஓர் அத்தியாயத்தில் எட்டு வரிக்கு மேல் போனால் வாசித்துக் காட்டும்போது யார் பேசுகிறார்கள் என்பது குழம்பும். ஒவ்வொரு வரிக்கும் பெயர் போடுங்கள். நேரத்தை முதல் வரியில் மட்டும்.