“டிரைவ் எண்டா என்ன தம்பி?” – கம்பசில் முதல் வருசமும் இங்கிலிசும்: உங்கட அனுபவம்

கல்லடிக்காரன்:
முதல் வருசம், முதல் செமஸ்டர், பௌதிகப் பேப்பர். ஏஎல் (உயர்தரம்) வரைக்கும் தமிழில படிச்சுப்போட்டு ஒரே நாளில லெக்சர் முழுக்க இங்கிலிசாகினது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதை விடுவம்.

எங்கட பேட்ச்சில ஒரு அக்கா. மூண்டாம் தரம் ஏஎல் எடுத்து வந்தவ, எங்களை விட ரெண்டு வயசு கூட. ஊர் படுவான்கரை, வெல்லாவெளிக்கும் அங்கால. சோதினைக்கு ரெண்டு கிழமைக்கு முதல் எனக்குச் சடத்துவத் திருப்பம் (ஒரு பொருளைச் சுழட்டுறது எவ்வளவு கஷ்டம் எண்டு சொல்ற கணியம்) மண்டைக்குள்ள ஏறவே இல்ல. லைப்ரரியில அவதான் கணக்குக் கொப்பியிட கடைசித் தாளில ஒரு கோலைக் கீறி, நடுவில அச்சைப் போட்டு, சின்னத் துண்டொண்டை எடுத்து அதிட திணிவை எழுதி, ஒரு முனையில இருந்து மறு முனைக்குத் தொகையிட்டுக் காட்டினா. “விளங்கினதா தம்பி? இன்னொருக்காச் செய்யட்டா?” எண்டு கேட்டு இன்னொருக்காவும் செய்தா.

சோதினை நாள் நல்ல மாரி. ஹோலுக்கு வெளிய விறாந்தையில நிக்கிறம். அவட கையில பழைய பேப்பர் ஒண்டிட போட்டோக்கொப்பி. சிவப்புப் பேனையால வட்டம் போட்ட ஒரு சொல், மழை பட்டு வட்டம் கசிஞ்சு கிடக்கு. அதில விரலை வச்சுக் கேட்டா:

“தம்பி, டிரைவ் எண்டா என்ன? வண்டி ஓடுறதைத்தானே டிரைவ் எண்டுற? இங்க என்னத்துக்கு வருது?”

நான் டவுன் பெடியன்களோட நிண்டு கடைசி நேரத்துக் குறிப்புப் பார்த்துக்கொண்டிருந்தன். “பிறகு சொல்றன் அக்கா” எண்டன். “சரி தம்பி” எண்டுபோட்டுத் தாளை நாலா மடிச்சு பேக்குக்குள்ள வச்சா. வேற ஆரிட்டயும் கேட்கல்ல.

பேப்பரில ரெண்டாவது கேள்வி அதே கோல். டிரைவ் எண்டுதான் தொடங்குது.

பெறுக, எண்டா விடைக்கு வாற வழியையும் காட்டோணும். அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு (derive) கருத்து. ஏஎல் பேப்பரில “கோவையைப் பெறுக” எண்டு எத்தினை தரம் பார்த்திருப்பம்!

வெளிய வந்தாப் பிறகு கேட்டா: “கோல் கேள்விக்கு நீ என்ன எழுதின? நான் எம் எல் வர்க்கத்தின் கீழ் பன்னிரண்டு எண்டு விடையை மட்டும் எழுதினன்.”

நான் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தன். அவ கீறிக் காட்டின மாதிரியே. ஆனா வாயில வந்தது, “நானும் அப்பிடித்தான் அக்கா.”

அந்தப் பொய்தான் இண்டைக்கும் தொண்டையில நிக்குது.

ஏறாவூர் நானா:
வாசிச்சு மனசு கனத்துப் போச்சு தம்பி. எனக்கு நடந்தது லேப்பில. “பியூரெட் எடுத்து வாங்க” எண்டாங்க. அலுமாரியைத் திறந்து வச்சிக்கிட்டு நிக்கிறன், ஒவ்வொரு கண்ணாடிச் சாமானும் எனக்குத் தெரியும், பேர்தான் தெரியா. அங்க வேலை செஞ்ச ஒருத்தர், வயசானவர், மேசையைத் துடைக்கிற மாதிரி எனக்குப் பக்கத்தில வந்து, தலையைத் தூக்காம, “அளவி, மகன், அளவி” எண்டார். ஒருத்தருக்கும் கேட்கல்ல. அடுத்த கிழமை “பிப்பெட்” எண்ட உடனே அவர்ட முகத்தைப் பார்த்தன். “குழாயி” எண்டு உதட்டை மட்டும் அசைச்சார். அவர்ட பேரைக்கூட நான் கேட்கல்ல.

வாகரைப் பெடியன்:
சொன்னாக் கோவிக்க வேணாம். கம்பசுக்கு வாறவங்க ஒரு டிக்சனரி வாங்க ஏலாதா? கோட்டாவில குறைஞ்ச புள்ளியோட உள்ளுக்கு வந்துபோட்டு, ஒரு சொல் தெரியல்ல எண்டு மத்தவனில பிழை சொல்ற. கல்லடி அண்ணன் தன்னைத் தானே ஏன் இப்பிடிக் குத்திக்கொள்றார் எண்டு விளங்கல்ல.

அக்கரைப்பற்று மழை:
வாகரைத் தம்பி, அந்த அக்கா ஆரில பிழை சொன்னவ? கதையைத் திருப்பி வாசியுங்க. பிழை சொல்றது கல்லடிக்காரன், அதுவும் தன்னில.

கோட்டாவைப் பத்தியும் தெரிஞ்சு கதைக்கோணும். விஞ்ஞானப் பாடங்களுக்கு கம்பஸ் இடங்களில 40 வீதம் முழு நாட்டுத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு. பின்தங்கின மாவட்டம் எண்டு 16 ஐச் சேர்த்து அதுகளுக்குக் குடுக்கிறது வெறும் 5 வீதம். மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் 16 க்குள்ளதான். வாகரையும் மட்டக்களப்பு மாவட்டம்தானே தம்பி? அப்ப நாம எல்லாரும் அந்தக் கணக்குக்குள்ளதான் வாறம்.

டிக்சனரி கதையும் சரிவராது. “டிரைவ்” எண்டு அந்த அக்காவுக்குக் காதில தெரிஞ்ச சொல் ஓடுற டிரைவ்தான். தெரியாத சொல்லைத் தேடிப் பார்ப்பம், தெரியும் எண்டு நினைக்கிற சொல்லை ஆர் தேடுவாங்க? அந்த அக்கா அப்பிடியும் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறா. அது கெட்டித்தனம்.

என்ட கதை சின்னது. சம்மாந்துறையில பிரயோக விஞ்ஞான பீடம். எங்கட அறையில மொனராகலைப் பிள்ளை ஒருத்தி, சிங்களம். அவளுக்கும் இங்கிலிஸ் வராது, எனக்கும் வராது. ரெடொக்ஸ் படிக்கிறம், சோதினை விடிஞ்சா. நான் “ஒட்சியேற்றம்” எண்டுறன், அவள் “ஒக்சிகரணய” எண்டுறாள், ரெண்டு பேரும் ஒண்டைத்தான் சொல்றமா எண்டே தெரியல்ல. கடைசியில என்ட உள்ளங்கையைப் புடிச்சு விரிச்சு, நடுவில இலத்திரன் ஒண்டைப் போட்டு, பெருவிரல் பக்கமா வெளிய ஒரு அம்புக்குறி கீறினாள். வெளிய போனா ஒட்சியேற்றம். மத்தக் கையில உள்ள வாற அம்பு, தாழ்த்தல். ரெண்டு பேரும் கையைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சம்.

காலையில பார்த்தா மை அப்பிடியே கிடக்கு. இதோட ஹோலுக்குள்ள போனாக் கொப்பியடிக்க எழுதினது எண்டுவாங்களே எண்டு பைப்படியில நிண்டு சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சன். தோல் சிவந்தும் அந்த அம்பு முழுக்கப் போகல்ல. அவள் வந்து தன்ட தாவணித் துண்டால என்ட கையைத் துடைச்சு விட்டாள். முதல் கேள்வியே ரெடொக்ஸ்.

எண்பதுகளின் மாணவன்:
இது இன்று நேற்றுத் தொடங்கிய பிரச்சினை அல்ல, பிள்ளைகள். 1981 ஆகஸ்ட்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில் தொடங்கியது. 1986 ஒக்டோபரில்தான் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. அந்தக் காலத்தில் எங்களுக்குக் கற்பித்த ஒருவர் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போவார். வலது ஓரத்தில், ஒரு சாண் அகலத்துக்குள், அதே சொற்களைத் தமிழில் சின்ன எழுத்தில் எழுதுவார். சார்பு (function), காவி (vector), தாயம் (matrix) என்று. மணி அடித்ததும் முதலில் அந்த ஓரத்தைத்தான் அழிப்பார். ஏன் அழிக்கிறார் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது, கேட்க அவர் இல்லை.

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:
எனக்கு முதல் பிரசன்டேசனில நடுவில வாய் அடைச்சுப் போச்சு, முன்வரிசைத் தோழி எழும்பி வந்து என்ட பக்கத்தில சும்மா நிண்டா. அதை நினைச்சா இப்பவும் கண் கலங்கும்.

ஆனா இப்ப உள்ளுக்கு வாற பிள்ளைகளுக்குச் சில விசயம் சொல்லோணும். பாடத்துச் சொல்லைப் பத்திப் பயப்பட வேணாம், அது ஒரு மாசத்தில வந்திடும். கேள்வியிட வினைச்சொல்தான் புள்ளியைத் தின்னும். ஏஎல் தமிழ்ப் பேப்பரையும் அதே வருசத்து இங்கிலிஸ் பேப்பரையும் பக்கத்தில பக்கத்தில வச்சு வாசியுங்க, ரெண்டும் ஒரே கேள்விதான். “புரூவ்” எண்ட இடத்தில “நிறுவுக” நிக்கும். “டிடியூஸ்” எண்டா “உய்த்தறிக”. “ஸ்கெட்ச்” எண்டாப் பரும்படியா வரைஞ்சாப் போதும், அளவுத்திட்டம் போட்டு நேரத்தை வீணாக்க வேணாம். “ஹென்ஸ்” எண்டா “இதிலிருந்து”. மேல எடுத்த விடையைப் பாவிச்சுத்தான் செய்யோணும், வேற வழியில சரியாச் செய்தாலும் புள்ளி வெட்டுவாங்க. “ஓர் அதர்வைஸ்” எண்டும் சேர்ந்து வந்தா மட்டும்தான் எந்த வழியும் சரி.

கொப்பியிட பின்பக்கத்தில இருந்து இந்தச் சொல்லுகளை எழுதிக்கொண்டு வாங்க. குப்பிக்கு (சீனியர்மார் சோதினைக்கு முதல் எடுக்கிற வகுப்பு) போங்க, வெக்கப்படாமப் போங்க. சீனியர்மார் குப்பி எடுக்கிற நேரம் தமிழிலதான் விளங்கப்படுத்துவாங்க, அதே சொல்லை இங்கிலிசில எழுதியும் காட்டுவாங்க. கேள்வி கேட்க ஏலாத பிள்ளை எண்டா எழுதிக் குடுங்க. ரிப்பீட் (பெயிலான பாடத்தைத் திரும்ப எழுதுறது) வந்தா எங்கட காலத்தில எவ்வளவு நல்லாச் செய்தாலும் “சீ” (C) தரத்துக்கு மேல தரமாட்டாங்க. வகுப்புச் சித்தி (கிளாஸ்) எடுக்க ஏலுமான பிள்ளை ஒரு வினைச்சொல்லால அதை இழக்கிறதைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது.

வாகரைப் பெடியன்:
அக்கரைப்பற்று அக்கா, நான் சொன்ன விதம் பிழை. மாவட்டக் கதையை எடுத்திருக்கக் கூடாது. எனக்கு முதல் செமஸ்டரில நாலு பாடம் போனது, ஒருத்தரிட்டயும் சொல்லல்ல.

ஏறாவூர் நானா:
கல்லடித் தம்பி, அந்தப் புள்ளைக்குப் பிறகு என்ன நடந்த?

கல்லடிக்காரன்:
ரிப்பீட் எழுதினவ. “சீ” தான். டிகிரியை முடிச்சுப்போட்டு இப்ப படுவான்கரையில ஒரு பள்ளிக்கூடத்தில பௌதிகம் படிப்பிக்கிறா எண்டு கேள்வி. மிச்ச வருசம் முழுக்க அதே கட்டடத்திலதான் இருந்தம். கண்டா “சுகமா அக்கா” எண்டுவன், அவவும் “ஓம் தம்பி” எண்டுவா. கோல் கேள்வியை ரெண்டு பேரும் எடுக்கல்ல.

ரீச்சர் சொன்னதை வாசிச்சுப்போட்டு ராவு பழைய பெட்டியைக் கிண்டினன். அண்டைக்கு லைப்ரரியில அவ அந்தக் கடைசித் தாளைக் கிழிச்சு என்ட கையில தந்தவ, அது கிடக்கு. நான் அதில கோலையும் கணக்கையும் மட்டும்தான் பார்த்திருக்கிறன். மேல, முதல் வரியில, அவட கையெழுத்தில கேள்வி இருக்கு:

“சீரான கோலொன்றின் சடத்துவத் திருப்பத்தைப் பெறுக.”