ஏர் பிஸ்டல் எதை வாங்கலாம்? குடும்பக் குழுவில் ஒரு மாலை

பிரபு: என் பொண்ணு யாழினிக்குச் சொந்தமா ஒரு 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்துல பெல்லட்ங்கிற சின்ன ஈயக் குண்டைச் சுடுற போட்டித் துப்பாக்கி) வாங்கலாம்னு இருக்கோம். நாலு பார்த்து வச்சிருக்கேன். புதுசுல ஹெம்மர்லி ஏபி20, வால்தர் எல்பி500, மொரினி சிஎம் 162 இஐ. பழசுல ஒரு ஸ்டெய்ர் எல்பி10. கொடுக்குற காசுக்கு எது தகும்? சித்தப்பா, மாலா அத்தை, ரேவதி அக்கா மூணு பேரும் சொல்லுங்க.

சுந்தர் சித்தப்பா: பேரலை (குழலை) வச்சு முடிவு பண்ணாத பிரபு. இந்த நாலுல எதை வேணும்னாலும் வைஸ்ல (பட்டறை இடுக்கியில) இறுக்கி, ஒத்துப்போற பெல்லட்டைப் போட்டு அஞ்சு ஷாட் சுட்டா அஞ்சும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையில போகும். அட்டை நடுவுல இருக்கற பத்து பாயின்ட் வளையம் 11.5 மி.மீ விட்டம். பெல்லட் 4.5 மி.மீ. கோட்டைத் தொட்டாலே பத்துங்கிறதால, பெல்லட்டோட நடு மையத்துல இருந்து 8 மி.மீ வரைக்கும் தள்ளி விழலாம். நல்ல பேரலுக்கு அது தாராளம். நீ காசு கொடுக்குறது கிரிப்புக்கும் ட்ரிக்கருக்கும் எடை எங்க நிக்குதுங்கிறதுக்கும்.

யாழினி: அப்போ எனக்கு ஏன் ஏழு, எட்டுன்னு போகுது சின்னத் தாத்தா?

சுந்தர் சித்தப்பா: கணக்குப் போட்டுப் பாரு கண்ணு. குறி பார்க்கிற முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல 340 மி.மீ இருக்குன்னு வச்சுக்கோ. நாட்ச்சுக்குள்ள, அதாவது பின் சைட்டோட வெட்டுக்குள்ள, முன் சைட் 0.1 மி.மீ ஒரு பக்கம் ஒதுங்கி நின்னா அட்டையில 3 மி.மீ விலகும். 0.27 மி.மீ ஒதுங்கினா பத்து போயாச்சு. ஆனா சைட் ரெண்டும் சரியா நின்னு, கை மட்டும் அப்படியே 3 மி.மீ ஆடினா அட்டையிலயும் அதே 3 மி.மீதான். அதனால கை ஆடுறதைப் பத்திக் கவலைப்படாத. முன் சைட்டோட ரெண்டு பக்கமும் தெரியுற வெளிச்சம் சமமா இருக்கான்னு மட்டும் பாரு.

ரேவதி அக்கா: அந்த வெளிச்சம் தானா சமமா வந்து நிக்கணும்னா கிரிப்பு கைக்குச் சரியா இருக்கணும். யாழினி, கிளப் பிஸ்டல்ல இதைச் செஞ்சு பாரு. கண்ணை மூடிக்கோ, கையைத் தூக்கி அட்டை உயரத்துக்குக் கொண்டு வா, ரெண்டு மூச்சு விட்டுட்டுக் கண்ணைத் திற. பத்து தடவை செய். முன் சைட் எப்பவும் ஒரே பக்கமா ஒதுங்கியே நின்னா உள்ளங்கைப் பக்கம் கிரிப்பு நிரம்பல, இல்லன்னா ரொம்ப நிரம்பியிருக்கு. எப்பவும் மேலயோ கீழயோ நின்னா கிரிப்போட சாய்வை மாத்தணும். மணிக்கட்டை வளைச்சுச் சரி பண்ணினா 60 ஷாட்டுல கடைசி இருபதுல மணிக்கட்டு தன் இடத்துக்கே திரும்பிடும்.

பிரபு: அப்போ கிரிப்பு சைஸ்தான் முதல் விஷயமா அக்கா?

ரேவதி அக்கா: ஆமாடா. யாழினி கைக்கு ஸ்மால் வரும்னு நினைக்கிறேன். பழசு வாங்கும்போது நிறைய பேர் மீடியம் கிரிப்போட வாங்கிட்டு அதுல மரப்புட்டி அப்புவாங்க. புட்டி நல்லதுதான், வேணும்னா மணல்தாள்ல தேய்ச்சு எடுத்துக்கலாம். ஆனா ட்ரிக்கர் விரலுக்கும் கிரிப்போட பக்கவாட்டுக்கும் நடுவுல ஒரு தாள் போற இடைவெளியாவது இருக்கணும். விரல் மரத்துல உரசினா ட்ரிக்கர் நேரா பின்னால வராது.

மாலா அத்தை: புட்டி போட்டா ஒண்ணு கவனிங்க. ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதிப்படி பிஸ்டல் முழுசா 420 × 200 × 50 மி.மீ பெட்டிக்குள்ள அடங்கணும். உள்ளங்கைத் திட்டுல புட்டி ஏத்தி அகலம் 50-ஐத் தாண்டி, உபகரணச் சோதனையில திரும்பி வர்றது அடிக்கடி நடக்குது. கிரிப்பு மணிக்கட்டைச் சுத்தி வரவும் கூடாது. மொத்த எடை 1500 கிராமுக்குள்ள. எடையில யாருக்கும் சிக்கல் வராது, நாலுமே ஒரு கிலோவை ஒட்டித்தான்.

பிரபு: ட்ரிக்கர் பத்தி? மொரினில எலக்ட்ரானிக்னு சொல்றாங்க.

ரேவதி அக்கா: 162 இஐ ட்ரிக்கர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உள்ள கொக்கி தேய்ஞ்சு விடுற வேலையே இல்ல, ட்ரிக்கர் ரெண்டு கட்டமா வரும், இதுல ரெண்டாவது கட்டத்துல இழுவையே தெரியாம சட்டுன்னு விடும். எத்தனை ஆயிரம் ஷாட் போனாலும் மாறாது. பேட்டரி மட்டும் ஒண்ணு உபரியா பையில இருக்கணும். அப்சார்பர், அதாவது உதைப்பை வாங்கிக்கிற அமைப்பு, அதுல கிடையாது, ஆனாலும் பெரிய போட்டி லைன்ல நிறைய பேர் கையில அதுதான்.

சுந்தர் சித்தப்பா: அப்சார்பர் பத்திச் சொல்லிடறேன், விளம்பரத்துல அதைத்தான் பெருசாப் போடுவாங்க. எல்பி10-ல உள்ள ஒரு சின்ன எடை, சுடுற நேரத்துல எதிர்ப் பக்கம் நகர்ந்து உதைப்பை வாங்கிக்கும். எல்பி500-லயும் அதுக்கு ஏற்பாடு இருக்கு. பெல்லட் நொடிக்கு 150 மீட்டர் போல போகுது, எடை அரை கிராம், உதைப்பே கொஞ்சம்தான். அப்சார்பரால அட்டையில பாயின்ட் கூடாது. சுட்ட பிறகு முன் சைட் எங்க போய் நின்னுச்சுன்னு சுத்தமாத் தெரியும். ஃபாலோ த்ரூ (சுட்ட பிறகும் கொஞ்ச நேரம் அதே நிலையில நிக்கிறது) பழகுற பிள்ளைக்கு அது உதவி, அவ்வளவுதான்.

மாலா அத்தை: ட்ரிக்கர் எடை குறைஞ்சது 500 கிராம். பேரலைச் செங்குத்தா நிறுத்தி, காற்று ஏறின நிலையில, ட்ரிக்கர் நடுவுல எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கணும். மூணு தடவைக்குள்ள தூக்கணும். சரியா 500-லேயே வைக்காதீங்க, 510, 520-ல இருக்கட்டும். ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்தாலும் அன்னிக்குப் போட்டியே போயிடும்.

யாழினி: கிளப் பிஸ்டல்ல எனக்கு அடிக்கடி கீழ இடது பக்கம் போகுது பாட்டி.

சுந்தர் சித்தப்பா: வலது கைக்காரங்க ட்ரிக்கரைப் பறிச்சா அங்கதான் போகும். கிளப் பிஸ்டல்ல ரெண்டாவது கட்டம் கனமா இருக்கும், அதைத் தாண்டணும்னு விரல் வெடுக்குன்னு இழுக்கும். முதல் கட்டத்துல 350லிருந்து 400 கிராம் வரைக்கும் வாங்கிக்கிட்டு, மீதி நூத்துச் சொச்சத்தை ரெண்டாவதுக்கு விடணும். மொத்தம் அதே 500தான், பங்கு பிரிக்கிறதுலதான் வித்தியாசம். முதல் கட்டம் முடிஞ்சு விரல் ஒரு சுவர்ல முட்டின மாதிரி நிக்கணும்.

பிரபு: பழைய எல்பி10-ல எதைப் பார்க்கணும்?

மாலா அத்தை: காற்று சிலிண்டர்ல பொறிச்ச தேதி. அலுமினிய சிலிண்டருக்கு பத்து வருஷம். தேதி தாண்டினதைச் சோதனையில நிறுத்தவும் வாய்ப்பு இருக்கு. புது சிலிண்டர் விலையையும் சேர்த்துத்தான் பழசு மலிவா இல்லையான்னு பார்க்கணும். ரெண்டு சிலிண்டர் தர்றாங்கன்னா ரெண்டோட தேதியையும் ஃபோட்டோ கேளு.

சுந்தர் சித்தப்பா: அடுத்தது கசிவு. 200 பார் அழுத்தத்துக்குக் காற்று நிரப்பி, ராத்திரி கேஜை (அழுத்தமானியை)ப் படம் எடுத்துட்டு, காலையில அதே சூட்டுல பாரு. அறை குளிர்ந்தாலே கேஜ் கொஞ்சம் இறங்கும், அது கசிவு இல்ல. நிஜமாவே இறங்கினா பெரும்பாலும் சிலிண்டர் வாய்ல இருக்கற ஓ-ரிங்தான், மாத்துறது எளிது. சிலிகான் கிரீஸ் மெல்லிசாத் தடவு. மெஷின் ஆயில், கிரீஸ் எதுவும் பக்கத்துலயே வரக்கூடாது, உயர் அழுத்தக் காற்றோட எண்ணெய் சேர்ந்தா வெடிக்கும்.

அப்புறம் ரெகுலேட்டர், ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அழுத்தத்துல காற்றை விடுற பாகம். குரோனோகிராஃப் (பெல்லட் வேகத்தை அளக்குற கருவி) வச்சுப் பத்து ஷாட் போடு. வேகம் நொடிக்கு 2, 3 மீட்டர் வித்தியாசத்துக்குள்ள நின்னா நல்லது. அஞ்சு நிமிஷம் சும்மா வச்சுட்டு மறுபடி சுடு. அந்த முதல் ஷாட் மட்டும் வேகமாப் போனா ரெகுலேட்டர்ல அழுத்தம் மெல்ல ஏறுது, சர்வீஸ் வேணும். போட்டியில இடைவேளை விட்டு எடுக்குற ஷாட் எல்லாம் மேல போகும், பிள்ளை தன் கையைத்தான் சந்தேகப்படும்.

ரேவதி அக்கா: நிரப்பும்போது வால்வை மெல்லத் திறங்க. வேகமா ஏத்தினா சிலிண்டர் சூடாகி, ஆறின பிறகு 180-க்கு இறங்கிடும். கைப் பம்ப்புனா ஈரத்தை வடிச்சுவிடணும். 300 பார் டேங்க்ல இருந்து ஏத்தினா கேஜை விட்டுக் கண்ணை எடுக்கவே கூடாது.

பிரபு: ஏபி20-ஐ யாரும் பேசவே இல்லையே?

சுந்தர் சித்தப்பா: மோசம்னு சொல்லல. இலேசா இருக்கும், ட்ரிக்கர் போதும், பழகுற ரெண்டு வருஷத்துக்கு நல்ல பிஸ்டல். ஆனா யாழினி வாரம் அஞ்சு நாள் சுடுறா. ட்ரிக்கர்ல நுணுக்கம் வேணும்னு சீக்கிரமே கேட்பா, அப்போ ரெண்டு தடவை வாங்கின மாதிரி ஆகும். சிலிண்டர் தேதி நல்லா இருந்தா நான் எல்பி10 பக்கம்.

ரேவதி அக்கா: நான் மொரினி பக்கம் சித்தப்பா. குட்டைப் பேரல் மாடலும் இருக்கு, முன்பக்கம் இழுக்காது, தோளுக்கு நல்லது.

சுந்தர் சித்தப்பா: குட்டையில சைட் தூரமும் குறையுமேம்மா. 300 மி.மீ ஆனா 0.1-க்கு 3.3 மி.மீ. தோள் தாங்கினா நீளமே எடுக்கலாம். ரெண்டையும் தூக்கி ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்க்கட்டும்.

மாலா அத்தை: பெல்லட்டுக்குக் கொஞ்சம் காசு ஒதுக்கு பிரபு. பெல்லட் தலை விட்டம் 4.49, 4.50, 4.51 மி.மீ மூணுலயும் ஒவ்வொரு டப்பா வாங்கி, வைஸ்ல வச்சுப் பத்து பத்தா சுடச் சொல்லு. எதுல ஓட்டைங்க நெருக்கமாக் கூடுதோ அதே லாட் நம்பர்ல மொத்தமா எடு. லைசென்ஸ் விதி நாட்டுக்கு நாடு வேற, முன்பணம் கொடுக்குறதுக்கு முன்னால கிளப்ல கேட்டுடு.

யாழினி: வீட்டுல டிரை ஃபயர் (பெல்லட் இல்லாம சுட்டுப் பழகுறது) பண்ண ரெண்டுலயும் வசதி இருக்கா?

ரேவதி அக்கா: இருக்குடா. பெல்லட் டப்பா வேற அறையில இருக்கட்டும், வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பண்ணு. முடிஞ்சதும் பேரல்ல சேஃப்டி ஃபிளாக் (உள்ள பெல்லட் இல்லைன்னு காட்டுற கலர்க் கயிறு) மாட்டிடு.

சுந்தர் சித்தப்பா: யாழினி, வலது கையைத் தாள்ல விரிச்சு வச்சு வரைஞ்சு, நடுவிரல் நுனியில இருந்து மணிக்கட்டு ரேகை வரைக்கும் மி.மீ கணக்குல எழுதி அனுப்பு. கட்டை விரலை விட்டுட்டு உள்ளங்கை அகலமும் வேணும். அந்த எல்பி10-ல என்ன கிரிப்பு இருக்குன்னு உங்க அப்பா கேட்டு வைக்கட்டும்.

யாழினி: இதோ வரையறேன் சின்னத் தாத்தா.