பழைய பாகப் பத்திரத்தில் 'காணி' என்னும் பின்னம்: பொருள் அறிய உதவி தேவை

தஞ்சாவூர்ப் பகுதியில் 1920களில் எழுதப்பட்ட எங்கள் குடும்பத்தின் பாகப் பத்திரத்தில், ஒரு பங்கு 'நன்செய் மூன்று மா காணி' என்று குறிக்கப்பட்டுள்ளது. இதில் 'காணி' எதன் பின்னம் என்பதை எங்களால் உறுதிசெய்ய இயலவில்லை.

மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 என்பது பழைய கீழ்வாய் இலக்கம், அதாவது பின்ன எண் முறை. நில அளவையிலோ ஒரு வேலிக்கு 20 மா, மாவுக்கு 100 குழி என்பதால், காணியை வேலியின் பின்னமாகக் கொண்டால் அது 25 குழியாகி மொத்தம் 325 குழி வருகிறது; மாவின் பின்னமாகக் கொண்டாலோ ஒன்றேகால் குழிதான், மொத்தம் 301¼ குழி. பன்னிரண்டடிக் கோலால் (ஒரு குழி 12 அடிச் சதுரம்) கணக்கிட்டால் இவ்வேறுபாடு ஏறத்தாழ 8 சென்ட். செங்கற்பட்டுப் பக்கம் வழங்கிய, சுமார் 1.32 ஏக்கர் கொண்ட காணி மாவைவிடப் பெரிய அளவு; பத்திரத்தில் காணி மாவுக்குப் பின்னால் வருவதால் அது இங்கே பொருந்தாது என்றே கருதுகிறேன்.

பழைய கணக்கு நூலான எண்சுவடியின் வாய்பாட்டில் பின்னத்தின் மதிப்பு மட்டுமே உள்ளது. பத்திர எழுத்தர் முதல் கணக்கையும், ஓய்வுபெற்ற கர்ணம் (கிராமக் கணக்கர்) ஒருவர் இரண்டாவதையும் சரியென்கிறார்கள். பக்கத்து நிலத்தோடு சேர்த்து அளக்கப்பட்டதால் இப்போதைய பட்டாவும் துணைசெய்யவில்லை. பத்திரத்தில் நான்கெல்லை உண்டு, நீள அகலம் இல்லை. பங்குதாரர்கள் அனைவருக்கும் நியாயமாக இதைத் தீர்க்க விரும்புகிறோம்.

தஞ்சைப் பகுதி நிலப் பத்திரங்களில் மாவை அடுத்து எழுதப்படும் 'காணி' வேலியின் 1/80 பங்கா, மாவின் 1/80 பங்கா?